அறைக்கு நாலு பேர்

"செத்தவுக பட்டியல்ல எங்கம்மா பேரையும் எழுதுங்க மொதலாளி."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் மாமா என்னை அந்தப் பட்டாசு கம்பெனி ஆபீசில் சேர்த்துவிட்டிருந்தார்.

"லைசென்ஸ்படி அறைக்கு நாலு பேரு. வெடிச்சதுல செத்ததும் நாலு பேரு. உங்கம்மா அன்னைக்கு வரவே இல்ல. டிகிரி படிச்ச புள்ளைக்கு இதுகூடவா வெளங்கல? தொட்டி வேலையப் பாரு."

முதலாளியின் மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியை நானே செய்திருந்தேன். மூன்று கண்ணாடித் தடுப்புகளைச் சிலிக்கான் பசை வைத்து ஒட்டினால் நான்கு அறைகள். மேலிருந்து வரும் தண்ணீர் முதல் அறையில் விழும், பாசி வளரும் அறையைத் தாண்டும், கடைசி அறையின் மோட்டார் அதை மேலே ஏற்றும்.

மோட்டாரைப் போட்டேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, அஞ்சு அறை கட்டியிருக்கே?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். நான் ஒட்டியது மூன்றே தடுப்புகள். ஐந்தாவதில் தண்ணீர் சாம்பலாக மினுங்கியது, அம்மா வேலை விட்டு வந்து கை கழுவும் வாளியில் அலுமினியப் பவுடர் மிதப்பதைப் போல.

"இன்னொருக்கா எண்ணுங்க மொதலாளி."

விரலை நீட்டி எண்ணினார். நான்குக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. விரல் மட்டும் நகர்ந்தது.

மோட்டாரை ஓடவிட்டுப் பையை எடுத்தேன். அம்மா பேரைச் சேர்க்கக் கேட்டு எழுதிய மனு அதில் இருந்தது. அன்று திங்கட்கிழமை, விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். பஸ் பிடிக்க வெளியே நடந்தேன்.