பின்பக்க இடது கதவு

சிவக்கொழுந்தின் ஆண்டுத் திவசம் முடிந்ததும், அவள் புருசன் கோணாமலை காரை விற்கத் தீர்மானித்தார். பின்பக்க இடது கதவு மட்டும் தொய்ந்து, பூட்டில் பொருந்தாமல் நின்றது. கடைசி வருசங்களில் அவள் அந்தக் கதவால்தான் ஏறினாள். முன்னுக்கு, அவர் பக்கத்தில், இருக்கவே மாட்டாள். அவர்கள் குடியிருந்த லிங்கநகரில் அவரைச் சாரதி என்று பகிடி பண்ணினார்கள்.

துறைமுகத்தடிக் கராஜில் றுவைஸ் கதவுப் பிணைச்சலைத் தளர்த்தி, கதவைத் தூக்கி இறுக்கினான். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வந்தது. கோணாமலை காரை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார். கதவு பழையபடி தொங்கியது. இன்னொரு தரம் இறுக்கியும் அப்படித்தான். பிறகு றுவைஸ் தனியாக ஓடிப் பார்த்தான். கதவு இம்மியும் இறங்கவில்லை.

“அண்ணன், கோவிக்காதீங்க. நீங்க ஓடினாத்தான் இது விழுது.”

“அப்ப நான் ஓடேல்ல. வாங்கிற ஆளை இங்கயே வரச் சொல்லுறன்.”

வாங்க வந்தவர் புல்மோட்டைக்காரர். அந்தக் கதவை ஒற்றை விரலால் தள்ளினார், பூட்டிக்கொண்டது. திருப்தியாகத் திறப்பை வாங்கி, ஏறி, அதைத் திருகி இயந்திரத்தை முடுக்கினார்.

சனியன் விட்டது என்று கோணாமலை பெருமூச்சு விட்டார்.

புல்மோட்டைக்காரர் தன் பக்க யன்னலால் றுவைஸோடு கதைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்து, சத்தமில்லாமல் மூடியது. பிறகு முன்பக்க இடது கதவு திறந்தது. வெறும் இருக்கை மெல்ல அமிழ்ந்தது. கதவு மூடியது.

“அப்ப நாங்க வாறம்,” என்றார் புல்மோட்டைக்காரர்.

கார் வீதியில் ஏறியது. காரில் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.