தொண்டைக்கட்டு

மாஜி மந்திரி முன்னின்று ஆட்களைச் சித்திரவதை செய்ய வைத்தாரா என்று பதுளையில் விசாரணை. மொழிபெயர்க்க ஷுக்ரியை விட்டால் ஆளில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று லீவு கேட்டும் பலிக்கவில்லை. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிழட்டுச் சேவலைப்போல் கரகரத்துக்கொண்டிருந்தார்.

சாட்சிக் கூண்டில் மடுல்சீமைத் தோட்டத்து அழகையா.

“கண்ணைக் கட்டித்தாங்க அடிச்சாங்க. மந்திரி பக்கத்துலயே நின்னாருங்க.”

“பார்க்காமல் எப்படித் தெரியும்?” என்று விசாரணைக் குழுத் தலைவர் சிங்களத்தில் கேட்டார். ஷுக்ரி அதைத் தமிழில் கரகரத்தார்.

“தமிழ்ல கேள்வி கேக்க ஒருத்தர வச்சிருந்தாங்க. அவருதான் காதுல சொன்னாரு. மொகம் தெரியாதுங்க.” அழகையா ஷுக்ரியைப் பரிவோடு பார்த்தார். “ஐயா, கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க. தொண்டை பாவமா இருக்கு.”

ஷுக்ரி அதையும் மொழிபெயர்த்தார். சபை சிரித்தது. மாஜி மந்திரியும் சிரித்தார்.

“அந்த ஆள் வராவிட்டால் மந்திரி அங்கே நின்றதற்கு ஆதாரமில்லை. வழக்கு நிற்காது” என்றார் தலைவர்.

ஷுக்ரி இதை மொழிபெயர்க்கவில்லை. மப்ளரை அவிழ்த்தார். கரகரப்பில்லாத சொந்தக் குரலில், குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“அழகையா, மந்திரி பக்கத்துலதான் நிக்கிறார். சத்தமாக் கத்துங்க, அப்பத்தான் உடுவாங்க.”

அழகையா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கூண்டுக்குள் குந்திவிட்டார்.