பத்து நிமிடத் திருட்டு

மனைவி சமையலறைக்குள் போனதும், தையல்காரர் கட்டிலருகே இருந்த கடிகாரத்தை ஓசைப்படாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்பக்கத் திருகை இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினார். முள் பத்து நிமிடம் பின்னால் போனது. அதற்குமேல் விரல்கள் மறுத்துவிட்டன.

"சட்டை பட்டன் போட்டாச்சு! வந்து மணியைப் பாரு!"

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். "ஆறு மணிக்கு எழுந்தீங்க. இப்ப ஆறு ஐம்பத்தஞ்சு."

"ஒரு மணி நேரத்துக்குள்ளதானே?"

"உள்ளதான், உள்ளதான். ராஜாவுக்கு ஊசி இல்லை." நோட்டில் ஏதோ எழுதிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவருடைய சொரியாசிஸ் தோலோடு நிற்காமல் மூட்டுக்கும் இறங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் விரல்கள் வீங்கி, விறகாக விறைத்துக் கிடக்கும். "அந்த விறைப்பு எவ்வளவு நேரம் இருக்குன்னு வீட்டுல குறிச்சுட்டு வாங்க. மாத்திரையில ஒரு மணி நேரத்துக்குக் கீழ வரலைன்னா ஊசிக்கு மாறணும். விட்டா மூட்டு கோணிடும், கத்தரிக்கோல் பிடிக்க முடியாது" என்றிருந்தார் டாக்டர். ஊசியில் நூல் கோத்தே முப்பது வருடம் பிழைத்தவருக்கு, தன் உடம்பில் ஏறும் ஊசி என்றால் மட்டும் வேர்த்துக் கொட்டும்.

எழுந்ததிலிருந்து அவர் சட்டை பட்டன் போடும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பெடுப்பது மனைவியின் வேலை. பள்ளி ஆய்வகத்தில் இருப்பவள். எதையும் அளந்து எழுதாமல் விடமாட்டாள். அந்தக் கடிகாரத்தைப் பழைய சாமான் கடையில் தேடி வாங்கியதும் அவள்தான். "திருகு இந்த இறுக்கு இறுக்குது. புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா? சரியான கஞ்சம்டி நீ" என்று அவர் திட்டியபோது சிரித்தாளே தவிர, மாற்றவில்லை. தினமும் அவள் வேலைக்குப் போனபின், விரல்கள் கொஞ்சம் இளகியதும், அவரே முள்ளைச் சரியான நேரத்துக்கு வைத்துவிடுவார்.

அன்று மதியம் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, பள்ளியிலிருந்து வந்த கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தார்.

"இதுல இருக்கிறதெல்லாம் பொய், டாக்டர். அவ பாவம், கடிகாரத்தை நம்பி எழுதினா. நான்தான் முள்ளைத் தள்ளி ஏமாத்தினேன். இனிமே யாரை ஏமாத்தறது? ஊசியைப் போடுங்க."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். அவர் உதட்டோரம் துடித்தது. "எவ்வளவு தள்ளினீங்க?"

"ஆரம்பத்துல நாற்பது நிமிஷம். போகப்போகக் கை ஒத்துழைக்கலை. கடைசியில பத்துதான்."

"சரியாத்தான் இருக்கு." டாக்டர் நோட்டை அவர் பக்கம் திருப்பினார்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அவளுடைய கைக்கடிகாரம் காட்டிய உண்மையான நேரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம்: 'திருட்டு 40.' 'திருட்டு 25.' கடைசி வரியில், 'திருட்டு 10. இனி ஊசிதான்.'

தையல்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரிஞ்சும் ஏன் டாக்டர் சும்மா இருந்தா?"

"இங்க வந்தா வலியை மறைச்சு, எல்லாம் நல்லா இருக்குன்னு நடிக்கிறீங்க. விரல்ல நிஜமா எவ்வளவு பலம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு அவங்களைக் கேட்டேன்." டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"'இறுக்கமான கடிகாரமாப் பார்த்து வாங்கி வெக்கிறேன் டாக்டர், தினமும் தானாத் திருப்புவார்'னாங்க."