சொந்தம் என்ற கட்டம்

ஏசி மெக்கானிக் அருளப்பனின் வேனுக்கு ஒரே ஒரு ஏக்கம். ஸ்டியரிங் பக்கத்தில் கிடக்கும் கிலோமீட்டர் நோட்டிடம் தினமும் கேட்கும்: "இன்னைக்காவது என்னைச் 'சொந்தம்'னு எழுதினாரா?"

நோட்டில் இரண்டே கட்டம்: தொழில், சொந்தம்.

"எல்லாம் தொழில்தான்ப்பா. சொந்த ஓட்டம் எழுதினா வரிச் சலுகை குறையும்னு ஆடிட்டர் சொல்லியிருக்காராம்," என்று நோட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும்.

அதனால் கல்யாணமோ, மாதா கோயிலோ, வீட்டார் பஸ்ஸில்தான் போவார்கள். வேன் வாசலில் நின்று, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு பஸ் ஓடவில்லை. பிள்ளைகளும் விடவில்லை. குடும்பமே வேனில் ஏறிக் கடற்கரைக்குப் போனது. கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தில் புளியோதரைத் தூக்கு உட்கார்ந்திருந்தது. திரும்பும்போது சின்னவள் ஈரக்காலோடு சீட்டில் ஏறித் தூங்கியே போனாள். வேன் அலுங்காமல் குலுங்காமல் வீடு வந்து சேர்ந்தது.

அருளப்பன் பேனாவை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். எழுதிவிட்டு இறங்கினார்.

"என்ன எழுதினாரு?" என்று வேன் நோட்டிடம் கேட்டது.

'தொழில்' என்ற கட்டத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறியிருந்தது. நோட்டு அதைப் பார்த்தது. பிறகு சீட்டில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தது.

"சொந்தம்னுதான் எழுதியிருக்காருப்பா," என்றது.