பாக்கெட் இல்லாத டவுசர்

"யோவ் டெய்லர்! இது என்னய்யா?"

ஹெட்மாஸ்டர் என் மிஷின் மேல ஒரு டவுசரைத் தூக்கி வீசுனாரு.

"ஒண்ணாம் கிளாஸ் டவுசர் சார்."

"அது எனக்குத் தெரியாதா? உள்பக்கம் பாருய்யா!"

பிள்ளைங்க இவருக்கு வச்ச பேரு ஸ்கேலு. நின்னா அப்படி ஒரு விறைப்பு. அவருக்குப் பின்னாடியே கூலிங் கிளாஸோட ஸ்கூல் முதலாளியும் கடைக்குள்ள வந்தாரு. நான் மிஷினை நிறுத்திட்டு எந்திரிச்சேன்.

விஷயம் இதுதான். அந்த ஸ்கூல்ல டவுசர், பாவாடை எதுக்கும் பாக்கெட் கிடையாது. முதலாளி உத்தரவு. சின்னப் பிள்ளைங்கன்னா கையைக் கட்டித்தான் நிக்கணுமாம். பாக்கெட் இருந்தா கை உள்ள போகுமாம். கை உள்ள போனா திமிரு வெளிய வருமாம்.

நானும் தலையை ஆட்டிட்டுத்தான் அளவெடுக்கப் போனேன், ரெண்டு வருஷம் முன்னாடி. அங்க ஒரு வாண்டு வாயையே தொறக்கல. "பேரு என்னம்மா?"ன்னா "ம்ம்ம்"ங்குது. "ஆ காட்டு"ன்னேன். உள்ள ஒரு ரப்பரு, ஒரு துண்டு பென்சிலு!

"ஏம்மா, இதைப் போயா வாயில வைப்பாங்க?"

"வேற எங்க மாமா வைக்கிறது?"

அளவை எழுதிக்கிட்டுக் கிளம்புனேன்.

கடைக்கு வந்து, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமா நாலு விரல் அகலத்துல ஒரு திருட்டுப் பாக்கெட் வச்சேன். அன்னிக்குக் கையில இருந்தது வெள்ளை நூலுதான். உள்பக்கந்தானே, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்னு அதுலயே அடிச்சுட்டேன். ஒண்ணுக்கு வச்சா மத்ததெல்லாம் அழுவாதா? நானூறு உருப்படிக்கும் வச்சேன்.

தினமும் காலைல வரிசையில நிக்க வச்சு நகம், தலை, துணின்னு சோதனை போடுறது இந்த ஸ்கேலுதான். ரெண்டு வருஷத்துல ஒண்ணு கூட மாட்டல.

"என் கைவேலைக்கு முன்னாடி அந்தாளு கண்ணெல்லாம் எம்மாத்திரம்!"னு என் வீட்டுக்காரிகிட்ட நாளைக்கு ஒரு தடவையாவது பீத்திக்குவேன். அவ பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டே, "போதும், ஊசியைப் பார்த்து ஓட்டுங்க"ம்பா.

இன்னிக்குப் பார்த்து முதலாளியே வரிசையைப் பாக்க வந்துட்டாரு. ஒரு பொடியன் எதையோ இடுப்புக்குள்ள சொருகுனதைப் பார்த்து, அவனை விளையாட்டு டவுசருக்கு மாத்திவிட்டு, இதைக் கையோட எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

"பிள்ளைங்க படிக்கணும்யா! கையைக் கட்டுனாத்தான் படிப்பு ஏறும்!"னு முதலாளி கத்துனாரு.

"படிப்பு கை வழியாவா சார் ஏறுது?"

"ஏங்க!"ன்னு வீட்டுக்காரி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. இழுத்தவ சும்மா இருந்தாளா? காதுக்குள்ள, "அவரு கை எங்க இருக்குன்னு பாருங்க"ன்னா.

முதலாளி ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. அந்தப் பேன்ட்டும் நான் தச்சதுதான். ஆறு பாக்கெட்டு கேட்டு வாங்குனாரு.

சிரிப்பை அடக்குறதுக்குள்ள எனக்கு இருமலே வந்துருச்சு.

முதலாளி ஒரு கையை வெளிய எடுத்து, டவுசரைத் தூக்கி உதறுனாரு. பாதி பிஸ்கட்டு, ஒரு நத்தைக் கூடு, அப்புறம் வெள்ளையா என்னமோ ஒண்ணு விழுந்துச்சு. அதை ரெண்டு விரலால எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாரு.

"இது என்ன, கல்கண்டா?"

"பல்லு சார். இன்னிக்குக் காலைல விழுந்த பல்லு"ன்னாரு ஸ்கேலு.

"அய்யய்யே!"ன்னு முதலாளி உதறுன உதறுல பல்லு போயி நூல்கண்டு டப்பாவுல விழுந்துச்சு. ஸ்கேலு அதைத் தேடி எடுத்து, காகிதத்துல மடிச்சு, தன் சட்டைப் பையில வச்சாரு.

"அது எதுக்குய்யா உங்களுக்கு?"

"ஆதாரம் சார்."

முதலாளி கையைத் துடைச்சுக்கிட்டே, "நாளைலருந்து வேற டெய்லரைப் பாருங்க"ன்னாரு.

எங்க கடையோட பொழப்பே அந்த நானூறு உருப்படிதான். வீட்டுக்காரி கையில ஊசி அப்படியே நின்னுடுச்சு.

"வேற ஆளுன்னா நானூறு பேருக்கும் மறுபடி அளவெடுக்கணும் சார். பாடம் கெட்டுடும். வச்ச இவனே பிரிக்கட்டும். நானே பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாப் பார்த்துக்கறேன்"னாரு ஸ்கேலு.

"என்னமோ பண்ணுங்க. உங்க பொறுப்பு"ன்னுட்டு முதலாளி போய் கார்ல ஏறுனாரு.

கார் தெரு முனை திரும்புற வரைக்கும் ஸ்கேலு ஆடாம அசையாம நின்னாரு. அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொப்புனு உக்காந்தாரு. அந்த மனுசன் மடங்குனதையே நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

"ஏன்யா, இதெல்லாம் ஒரு தையலா?"

"மன்னிச்சுருங்க சார், இனிமே பாக்கெட்டே வைக்க மாட்டேன்..."

"வைக்காதேன்னு எவன் சொன்னான்? கருநீலத் துணியில வெள்ளை நூலு, தையல் வெளிப்பக்கமும் ஓடுது! கடைசி வரிசைப் பையன் பாக்கெட்டு கூட எனக்கு மேடையில இருந்தே பளிச்சுனு தெரியுதுய்யா. ரெண்டு வருஷமா தெனம் நானூறு பேருக்குக் குருடனா நடிச்சு நடிச்சு எனக்குக் கண்ணு வலியே வந்துருச்சு. இந்தத் தடவையாவது நீல நூலு போடு!"