வாய் திறக்காத நேர்காணல்

"எங்ககிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி நேர்காணல்ல ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லல. ஆனா வேலை கிடைச்சுது! அதுவும் எப்பேர்ப்பட்ட வேலை, கேளுங்க!"

ஆகாசம் அக்கா மேஜையில் ஓங்கித் தட்டினாள். தேநீர்க் கோப்பைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தன.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பல பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு ஆலோசகர்கள் மாதம் ஒருமுறை இப்படிக் கூடுவது வழக்கம். தன்னால் அவிழ்க்க முடியாத ஒரு மாணவரின் சிக்கலை ஒருவர் சபையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் வழி சொல்ல வேண்டும். அக்கா சொல்லும் வழியில் பாதி ஆகாசப் புளுகு என்பது ஊரறிந்த விஷயம். பெயர் வந்ததும் அப்படித்தான்.

இன்று சிக்கலை வைத்தவள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவள். அவளிடம் ஒரு மாணவி. படிப்பில் புலி. யார் எதைச் சொன்னாலும் கண் கொட்டாமல் கேட்பாள். ஆனால் தன்னிடம் ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதுவரை போன நேர்காணல்கள் எல்லாவற்றிலிருந்தும் அழுதுகொண்டே திரும்பியவள்.

"நாளைக்குக் காலையில ஒரு காப்பீட்டு நிறுவனத்துல அவளுக்கு நேர்காணல். வாடிக்கையாளர் குறை கேக்குற பிரிவு. இன்னொரு தடவை அவமானப்பட்டா இனி எந்த ஆபீஸ் படியும் ஏற மாட்டா. 'போகாதேம்மா'ன்னு செல்போன்ல தட்டி வெச்சுட்டேன். அனுப்பறதா வேண்டாமான்னுதான் தெரியல" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள்தான் அக்கா மேஜையைத் தட்டியிருந்தாள்.

"ஒரு கேள்விக்கும் பதில் இல்ல, வேலை மட்டும் கிடைச்சுதாக்கும். ஆதாரம்?" என்றார் எதிரே இருந்த பெரியவர்.

சூரியன் உதித்தது என்றாலும் சான்றிதழ் கேட்கிறவர். அதனால் ஆதாரம் சார். அவர் தலையாட்டினால்தான் அந்தச் சபையில் ஒரு வழி வழியாகும்.

"இருங்க சார், கதையே இன்னும் ஆரம்பிக்கல. பொண்ணு உள்ள போறா. அதிகாரி, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ங்கிறார். இவ அவரைப் பார்க்கிறா. வெறும் பார்வையா அது? 'முதல்ல நீங்க சொல்லுங்களேன்'னு கூப்பிடுற பார்வை! அவ்வளவுதான், அணை உடைஞ்சுது! ஆபீஸ் தொல்லை, வீட்டுத் தொல்லை, முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், சின்ன வயசுல வாத்தியாராகணும்னு இருந்த ஆசை... மனுஷன் கொட்டித் தீர்க்கிறார். கடிகார முள்ளு ரெண்டும் கால் வலிச்சு உட்கார்ந்துடுச்சு. வெளியில காத்துக்கிட்டு இருந்தவங்களுக்குத் தாடியே வளர்ந்துடுச்சு!"

"பொண்ணுங்களுக்குமா?"

"குறுக்க பேசாதீங்க சார். கடைசியில மேஜை மேல தலையைக் கவிழ்த்துக்கிட்டு, குழந்தை மாதிரி ஓன்னு அழுதார்!"

"அழுதிருக்க மாட்டார்!" ஆதாரம் சாரின் குரல் உயர்ந்தது. "ஒரு பிரிவுக்கே தலைவர், மேஜையில தலையைக் கவிழ்த்து அழுவாரா? நீங்க பார்த்தீங்களா?"

"அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்ல. அவ சொன்னா."

"அவ சொன்னா ஆச்சா?"

"ஆச்சு! அப்பவும் அவ வாயைத் திறக்கல சார். தண்ணிக் குவளையை மெதுவா அவர் பக்கம் நகர்த்தினா. குறை கேக்குற அந்தப் பிரிவுலயே வேலை கிடைச்சுது. அப்புறம் அந்த அதிகாரியோட நாற்காலியிலயே போய் உட்கார்ந்தா! இன்னிக்கும் அங்க சண்டை போட வர்றவன், அவகிட்ட பேசிட்டுப் போறப்போ கும்பிட்டுட்டுப் போறான்."

பேசியே பிழைக்கிற கூட்டம் அது. இப்போது கேட்பதற்காக நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது.

புதியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் அந்த மாணவிக்கு ஆலோசனை சொல்லப் போய், தன் மாமியார் கதையை அடி முதல் நுனி வரை அவளிடம் கொட்டிவிட்டு, மனசு பஞ்சாகிப் போய் வீடு திரும்பியது நினைவுக்கு வந்தது. அன்று யார் யாருக்கு ஆலோசகர்? இத்தனை பெரிய திறமையை மடியில் வைத்துக்கொண்டா அந்தப் பெண்ணுக்குப் பேசப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம்?

ஆனால் சொன்னது ஆகாசம் அக்கா ஆயிற்றே!

அவள் ஆதாரம் சார் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு இது விளையாட்டு இல்ல. ஒரு பொண்ணோட வாழ்க்கை. அக்கா கதையை நம்பி அவளை நேர்காணலுக்கு அனுப்பி, அவ உடைஞ்சு போனா நான்தான் பொறுப்பு. நீங்க சொல்லுங்க. இப்படி நடக்குமா?"

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின.

"புளுகுன்னு சொல்லிடுங்க சார். எனக்கென்ன, பழகிப் போச்சு" என்றாள் அக்கா.

ஆதாரம் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சரி, புரிஞ்சுது சார்" என்று புதியவள் பெருமூச்சு விட்டாள். கட்டைவிரல் செல்போன் திரையை நோக்கி இறங்கியது.

"அந்தச் செய்தியை அனுப்பாதீங்கம்மா!"

ஆதாரம் சார் கையை நீட்டித் தடுத்தார்.

"நடந்ததுதான். என் பேச்சை அப்படி ஒருத்தர் கேட்டது அன்னிக்குத்தான். நானும் நாலு பேர் சொல்றதை அப்படிக் கேக்கணும்னுதான், அந்த நாற்காலியை அவளுக்கே விட்டுட்டு நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்."