மூத்தவன் போடாத கையெழுத்து

“விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து போட உனக்கென்ன கஷ்டம்ண்ணா?” என்றான் ஹ்யூகோ.

அப்பா சர் எவரார்ட் இறந்து ஓராண்டாகிவிட்டது. முந்நூறு வருடமாக மூத்த மகனுக்குப் போகும் ‘சர்’ பட்டத்தை லயனல் இன்னும் கேட்டு வாங்கவில்லை.

“ஆடு மேய்க்கிறவனுக்கு சர் எதுக்குடா?”

“உனக்குப் பிள்ளை இல்ல. நாளைக்கு அது என் பையனுக்கு வந்துடுமேன்னு உனக்கு வயித்தெரிச்சல்!”

லயனல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

அம்மா கான்ஸ்டன்ஸ் உள்ளே வந்தார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா,” என்றான் ஹ்யூகோ.

“சொல்லத்தான் வந்தேன். எங்க கல்யாணச் சான்றிதழை இப்பத்தான் வக்கீல்கிட்ட கொடுத்துட்டு வர்றேன்.”

லயனல் பதறி எழுந்தான். “எதுக்கும்மா கொடுத்தீங்க?”

“விண்ணப்பத்தோட அதையும் வைக்கணுமாமே. ஹ்யூகோ, எங்க கல்யாணத்தன்னிக்கு உங்க அண்ணனுக்கு எட்டு மாசம். கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்த பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. அப்புறம் பிறந்த உனக்குத்தான் அது வரும்.”

ஹ்யூகோ அண்ணனையே வெறித்துப் பார்த்தான்.

அம்மா மூத்தவன் பக்கம் திரும்பினார். “அப்பா பெட்டியில அந்தச் சான்றிதழை நீ பார்த்தது எனக்குத் தெரியும். எனக்குத் தலைகுனிவு வந்துடும்னுதானே இவன் பேச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டிருந்தே?”

லயனல் தலையைக் குனிந்துகொண்டான்.

“நிமிர்ந்து பாருடா. உன்னைப் பெத்ததுக்கு நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்ல.”